பனாமாவில் புதைந்த பொருள்

விடாமுயற்சி சிறந்த குணம் என்பதில் ஐயமில்லை. பள்ளியிற் சேர்ந்த நாள் முதலாக நாம் அதனைக் கேட்டு வருகிறோம். வள்ளுவப் பெருந்தகையும் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் என்று வகுத்துத் தந்திருக்கிறார். ஆனால் அவரே தெரிந்துசெயல்வகை என்றும் ஓர் அதிகாரம் அமைத்து, வரப்போகும் ஊதியத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையும் இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்று எச்சரிக்கை செய்திருக்கிறார். இவ்விரு கருத்துகளும் ஒன்றோடொன்று மாறுபட்டவை அல்ல. எனினும் ஒரு காரியத்தில் இறங்கிய பிறகு, அது நாளுக்கு நாள் நலிந்து வருவதைக் காணும்போது, மேலும் ஊன்றி நிற்பது ஊக்கமா, அன்றி முதலை இழக்கும் பேதைமையா என்று பிரித்தறிவது எளிதன்று. பேராற்றல் படைத்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றனர். அத்தகைய தடுமாற்றங்களுள் மிகப் பெரியதொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பனாமாவில் நிகழ்ந்தது. அதனை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைத்து நிற்கும் குறுகிய நிலப்பகுதி பனாமா. ஒரு புறம் அட்லாண்டிக் மாகடல். மறுபுறம் பசிபிக் மாகடல். இடையே உள்ள நிலத்தின் அகலம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். அந்த 80 கிலோமீட்டரைக் கடக்க வழியின்மையால், கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு பல்லாயிரம் கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. 1855-இல் ஓர் இரயில் பாதை அந்நிலத்தின் குறுக்கே அமைந்தது. ஆனால் இரயில் பாதை கப்பல்களை ஏற்றிச் செல்லாதல்லவா? ஆகவே ஒரு கால்வாய் வெட்டினால் என்ன என்ற எண்ணம் பலர் உள்ளத்திலும் எழுந்தது. அந்த எண்ணத்தைச் செயலாக்க முன்வந்தவர் பிரெஞ்சு நாட்டினரான பெர்டினாண்ட் டி லெஸ்ஸெப்ஸ்.

லெஸ்ஸெப்ஸ் 1805-இல் பிறந்தவர். அவர் பொறியியல் வல்லுநர் அல்லர். அயல்நாடுகளில் தூதரகப் பணி புரிந்தவர். ஆயினும் சூயஸ் கால்வாயை உலகுக்கு அளித்தவர் அவரே. அந்தக் கால்வாயின் வரலாற்றை அறிந்தால்தான் பனாமாவில் நடந்தது விளங்கும். சூயஸ் கால்வாய் நிறைவேறாது என்று இங்கிலாந்தின் புகழ்பெற்ற பொறியியல் அறிஞர் இராபர்ட் ஸ்டீவன்சன் கூறினார். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த பாமர்ஸ்டன் பிரபு அதனை வன்மையாக எதிர்த்தார். செலவோ முதலிற் போட்ட கணக்கைப் போல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இறுதிக் காலத்தில் கையிலிருந்த பணம் தீர்ந்துபோக, பரிசுச் சீட்டோடு கூடிய கடன் பத்திரங்களை 1868-இல் வெளியிட்டு நிலைமையைச் சமாளிக்க நேர்ந்தது. இவ்வளவு இடர்களையும் கடந்து 1869 நவம்பர் 17-ஆம் நாள் சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றது. நிபுணர்கள் முடியாது என்றார்கள். அவர் முடித்துக் காட்டினார். பிரான்ஸ் தேசமே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. மறுப்போர் சொல்லைக் கேளாமல் இறுதிவரை நின்றால் வெற்றி கிட்டும் என்பதே அவர் சூயஸில் கற்ற பாடம். அந்தப் பாடமே பின்னாளில் அவரை ஆழ்த்தியது.

1879 மே மாதம் பாரிஸ் மாநகரில் ஒரு மாநாடு கூடியது. பல நாட்டு அறிஞர்கள் வந்திருந்தனர். சூயஸைப் போலவே பனாமாவிலும் கடல் மட்டத்திலேயே, பூட்டுமதகுகள் எவையுமின்றி, நேராகக் கால்வாய் வெட்ட வேண்டும் என்பது லெஸ்ஸெப்ஸின் கருத்து. கோடின் டி லெப்பினே என்ற பிரெஞ்சுப் பொறியியல் அறிஞர் எழுந்து அதனை மறுத்தார். பனாமா பாலைவனம் அன்று. மலையும் காடும் நிறைந்த நாடு. அங்கே சாக்ரஸ் என்னும் ஆறு ஓடுகிறது. மழைக்காலத்தில் அது பொங்கி எழும். ஆகவே மலையைக் கடல் மட்டம்வரை அறுப்பதைவிட, ஆற்றுக்கு அணை கட்டி உயரத்தில் ஓர் ஏரியை உண்டாக்கி, பூட்டுமதகுகள் வழியாகக் கப்பல்களை அந்த ஏரிக்கு ஏற்றி மறுபுறம் இறக்குவதே தக்க வழி என்று அவர் எடுத்துரைத்தார். அவர் சொல் எடுபடவில்லை. வாக்கெடுப்பில் கடல் மட்டக் கால்வாய்க்கு ஆதரவாக 74 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். எஞ்சியோர் வாக்களிக்கவில்லை, அல்லது அவைக்கே வரவில்லை. சூயஸின் வீரர் விரும்புகிறார் என்பதே பலருக்குப் போதுமான காரணமாக இருந்தது.

1880-இல் ஒரு தொழில்நுட்பக் குழு பனாமாவுக்குச் சென்று பார்த்து, 843 மில்லியன் பிராங்குகள் செலவாகும் என்று மதிப்பிட்டது. லெஸ்ஸெப்ஸ் அந்தத் தொகையைத் தாமே 658 மில்லியனாகக் குறைத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஒன்று 500 பிராங்கு வீதம் 6,00,000 பங்குகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் யார்? பெருஞ்செல்வர்கள் மட்டும் அல்லர். சிறு கடைக்காரர், ஓய்வூதியம் பெறுவோர், ஊழியர், கைம்பெண்கள் ஆகிய எளிய குடும்பத்தார் தம் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்தனர். லெஸ்ஸெப்ஸின் பெயரே அவர்களுக்கு ஈடாக நின்றது.

1881-இல் வேலை தொடங்கியது. தொடங்கியவுடனே இயற்கை தன் இயல்பைக் காட்டிற்று. சூயஸில் சமதரையான மணல். இங்கே குலேப்ரா என்னுமிடத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் உயர்ந்த மலைமுகடு. அம்மலையின் மண் களிமண் கலந்தது. மழை பெய்தால் நெகிழ்ந்து சரியும். வெட்டிய பள்ளத்தில் கரைகள் இடிந்து வீழும். வீழ்ந்ததை மீண்டும் அள்ள வேண்டும். சரியாமல் நிற்பதற்காகக் கரையை மேலும் சாய்வாக வெட்டினால், அள்ள வேண்டிய மண்ணின் அளவு பெருகும். முதலில் 75 மில்லியன் கன மீட்டர் மண்ணை அகற்றினாற் போதும் என்று கணக்கிட்டிருந்தனர். சில ஆண்டுகளுக்குள் அக்கணக்கு 120 மில்லியனாக உயர்ந்தது. வெட்ட வெட்ட வேலை குறையவில்லை, வளர்ந்தது.

இதனினும் கொடிது நோய். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் தொழிலாளரை வாரிக்கொண்டு போயின. ஜமெய்க்கா முதலான மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளரே அவர்களுள் பெரும்பான்மையோர். கொசுக்களே நோயைப் பரப்புகின்றன என்பது அந்நாளில் நிறுவப்படவில்லை. கியூபாவில் கார்லோஸ் பின்லே 1881-இலேயே மஞ்சள் காய்ச்சலுக்குக் கொசு காரணம் என்று கூறினார், எவரும் செவிசாய்க்கவில்லை. மலேரியாவைக் கொசுக்களோடு தொடர்புபடுத்தும் சான்றினை நம் நாட்டுச் சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-இல்தான். ஆகவே பனாமாவின் மருத்துவமனையில், எறும்பு ஏறாதிருக்கக் கட்டிற்கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்திவைத்தனர். அந்த நீரிலேயே கொசுக்கள் பெருகின. பிரெஞ்சுக்காரர் பணியாற்றிய காலத்தில் இறந்தோர் தொகை 20,000-க்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். 1883-இல் தலைமைப் பொறியாளராக வந்த ஜூல் டிங்லர் என்பவர் தம் மகள், மகன், மனைவி மூவரையும் அங்கேயே பறிகொடுத்தார். அதன் பின்னும் அவர் உடனே பணியை விட்டு விலகவில்லை. 1885-இல்தான் பிரான்சுக்குத் திரும்பினார்.

நிலைமை இவ்வாறிருக்க, பாரிஸில் என்ன நடந்தது? கம்பெனி நடத்திய பத்திரிகையில் எல்லாம் நலமே நடப்பதாகச் செய்திகள் வெளிவந்தன. பணம் தீர்ந்தபோதெல்லாம் புதிய கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. கடன் வளர வளர அதற்கு அளிக்க வேண்டிய ஊதியமும் வளர்ந்தது. 1885-இல், சூயஸில் கைகொடுத்த பரிசுச் சீட்டுக் கடனுக்கு லெஸ்ஸெப்ஸ் அரசாங்கத்தின் அனுமதி கோரினார். அரசாங்கம் ஆர்மண்ட் ரூஸோ என்னும் பொறியாளரைப் பனாமாவுக்கு அனுப்பி ஆராயச் செய்தது. அவர் 1886-இல் அளித்த அறிக்கை நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. கடல் மட்டத்தில் கால்வாய் வெட்டுவது, உள்ள பணத்திலும் காலத்திலும் நிறைவேறக்கூடியதன்று என்று அவர் கண்டார். ஆனால் வேலையைக் கைவிட்டால் பங்குதாரர்களுக்குப் பெருந்துன்பம் நேரும், பிரான்சின் மதிப்பும் குன்றும் என்றும் அவர் எழுதினார். திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம். அறிக்கையின் ஒரு பகுதி முன்னோக்கிப் பார்த்தது. மற்றொரு பகுதி பின்னோக்கிப் பார்த்தது. லெஸ்ஸெப்ஸ் திட்டத்தையும் மாற்றவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை.

1887-இன் இறுதியில்தான் அவர் பூட்டுமதகுகளுக்கு இசைந்தார். அப்போது பாரிஸில் தம் பெயரால் ஒரு கோபுரத்தை எழுப்பிக்கொண்டிருந்த குஸ்தாவ் ஈபெல் அம்மதகுகளை அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த நிலையிலும் மதகுகள் தற்காலிகமானவையே, பிற்பாடு கடல் மட்டக் கால்வாயே வெட்டப்படும் என்று லெஸ்ஸெப்ஸ் கூறினார். எட்டாண்டுகளுக்கு முன்னர் லெப்பினே சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. 1888 ஜூனில் பரிசுச் சீட்டுக் கடனுக்குச் சட்டம் இடம் அளித்தது. 20 இலட்சம் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. ஏறக்குறைய 8 இலட்சமே விலைபோயின. 1889 பிப்ரவரி 4-ஆம் நாள் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. செலவான தொகை 1,400 மில்லியன் பிராங்குகளுக்கு மேல். பணம் இழந்தோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர்.

பின்னர் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. கடன் சட்டத்தை நிறைவேற்றுவதற்காகச் சட்டமன்ற உறுப்பினர் சிலருக்குக் கையூட்டு வழங்கப்பட்டிருந்தது. புகழ்ந்து எழுதுவதற்காகப் பத்திரிகைகளுக்கும் பணம் சென்றிருந்தது. மந்திரியாக இருந்த பையோ என்பவர் சிறை சென்றார். 1893-இல் லெஸ்ஸெப்ஸுக்கும் அவர் மகன் சார்லஸுக்கும் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. முதுமையால் தளர்ந்திருந்த லெஸ்ஸெப்ஸ் 1894-இல் காலமானார். தோல்வியை மறைக்கத் தொடங்கிய முயற்சி பொய்யுரைக்கும், பொய்யுரை கையூட்டுக்கும் இட்டுச் சென்ற வரலாறு இது.

இனி, இவ்வளவு பேர் இவ்வளவு காலம் ஏன் விலகாமல் இருந்தனர் என்பதை ஆராய்வோம். முதலிற் பங்கு வாங்கிய ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் 500 பிராங்கு கொடுத்திருக்கிறார். கம்பெனிக்குப் பணம் போதவில்லை என்று செய்தி வருகிறது. இப்போது கடன் பத்திரம் வாங்கினால் கால்வாய் முடியும், முன்பு போட்டதும் பிழைக்கும். வாங்காவிட்டால் போட்டதெல்லாம் பாழ். ஆகவே முதற்பணத்தைக் காப்பதற்காக இரண்டாம் பணத்தைக் கொடுக்கிறார். இரண்டையும் காப்பதற்காக மூன்றாவதையும் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் இழப்பதற்கு உரிய தொகை பெரிதாகிறதே தவிர, கால்வாய் அண்மையில் வருகிறதா என்ற கேள்வி எழுவதில்லை. சூதாட்டத்தில் தோற்றவன் விட்டதைப் பிடிக்க மீண்டும் காய் உருட்டுவது போன்றதே இது.

தலைவர்களின் நிலை இதனினும் சிக்கலானது. அவர்கள் இழப்பது பணம் மட்டும் அன்று, மதிப்பும் ஆகும். நிறுத்துகிறேன் என்று ஒரு தலைவர் சொன்னால், நேற்றுவரை நான் சொன்னது பிழை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. 1976-இல் பேரி ஸ்டா என்னும் அமெரிக்க அறிஞர் வாணிபக் கல்வி மாணவர்களைக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார். ஒரு கம்பெனியின் எந்தப் பிரிவுக்குப் பணம் ஒதுக்குவது என்று மாணவர் சிலரே தேர்ந்தெடுத்தனர். வேறு சிலருக்கு அத்தேர்வு முன்பே பிறரால் செய்யப்பட்டிருந்தது. அப்பிரிவு நட்டமடைந்தது என்று தெரிவித்த பின்னர், தாமே தேர்ந்தெடுத்தவர்கள்தாம் அதற்கு மேலும் அதிகப் பணம் ஒதுக்கினர். தம் முடிவு தவறன்று என்று நிலைநாட்டும் விருப்பம் அவர்களை இழுத்தது. பொருளியலார் மீளாத செலவு என்று கூறுவது இத்தகைய பணத்தையே. அது போய்விட்டது, நாம் தொடர்ந்தாலும் வாராது, விலகினாலும் வாராது. ஆகவே இனி என்ன செய்வது என்ற முடிவில் அதற்கு இடமில்லை. இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து அமைத்த கான்கார்டு விமானத்தின் பெயராலும் இப்பிழை வழங்குகிறது. செலவு பன்மடங்கு பெருகி, வாங்குவோர் குறைந்த பின்னும் அவ்விரு அரசாங்கங்களும் அத்திட்டத்தைக் கைவிடவில்லை. 1976-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய அவ்விமானம் 2003-இல் பறப்பதை நிறுத்தியது.

இங்கே ஒரு தடை எழலாம். சூயஸிலும் செலவு இரு மடங்காயிற்று அல்லவா? அங்கும் நிபுணர் மறுத்தார்கள் அல்லவா? இடையில் நிறுத்தியிருந்தால் சூயஸ் கால்வாய் கிடைத்திருக்குமா? நியாயமான கேள்விதான். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை இதுவே: சூயஸில் அள்ளிய ஒவ்வொரு கூடை மணலும் எஞ்சிய வேலையைக் குறைத்தது. பணம் தட்டுப்பட்டதே அன்றி, முடிவு நெருங்கி வந்துகொண்டிருந்தது. பனாமாவில் அள்ளிய மண்ணுக்கு ஈடாக வேறு மண் சரிந்து வந்தது. கணக்கிட்ட வேலை 75-லிருந்து 120 ஆயிற்று. கடந்து வந்த தொலைவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எஞ்சிய தொலைவைப் பார்த்தால்தான் வேற்றுமை புலப்படும். லெஸ்ஸெப்ஸ் கடந்து வந்த தொலைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனாமாக் கதை அத்துடன் முடியவில்லை. 1904-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் 40 மில்லியன் டாலருக்குப் பிரெஞ்சுக்காரரின் உடைமைகளை வாங்கிக்கொண்டன. அவர்களும் முதல் ஆண்டில் தடுமாறினர். 1905-இல் தலைமைப் பொறியாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ் செய்த முதற்காரியம், குலேப்ராவில் மண் வெட்டுவதை நிறுத்தியதே. வேலை விரைவாக நடக்க வேண்டும் என்று தேசம் முழுவதும் எதிர்பார்த்திருந்தபோது அவர் நிறுத்தினார். முதலில் தங்குமிடம், நல்ல குடிநீர், இரயில் பாதை ஆகியவற்றைச் சீராக்கினார். வில்லியம் கார்கஸ் என்னும் மருத்துவர் கொசுக்களை ஒழிக்க அவருக்கு வேண்டிய ஆளும் பொருளும் அளித்தார். மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. அடுத்த ஆண்டு வல்லுநர் குழு ஒன்றில் பெரும்பான்மையோர் மீண்டும் கடல் மட்டக் கால்வாயையே பரிந்துரைத்தனர். சாக்ரஸ் ஆற்றின் வெள்ளத்தை நேரிற் கண்டிருந்த ஸ்டீவன்ஸ் அதனை எதிர்த்து, அணையும் மதகும் கொண்ட திட்டத்தை ஏற்கச் செய்தார். கட்டுன் என்னுமிடத்தில் ஆறு அணையிடப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் 26 மீட்டர் உயரத்தில் ஏரி பரந்தது. அடிப்படையில் அது 1879-இல் லெப்பினே கூறிய வழியே. 1914 ஆகஸ்டு 15-ஆம் நாள் கால்வாய் திறக்கப்பெற்றது. பிரெஞ்சுக்காரர் வெட்டியதில் ஒரு பகுதி அதற்குப் பயன்பட்டது.

இதனால் பனாமாக் கால்வாய் என்னும் குறிக்கோள் பிழையன்று என்பது விளங்குகிறது. வழியே பிழையானது. குறிக்கோளில் உறுதியும் வழியில் நெகிழ்வும் வேண்டும். லெஸ்ஸெப்ஸ் வழியையே குறிக்கோளாகக் கருதிவிட்டார். மேலும் ஒன்றையும் மறத்தலாகாது. முடிவு செய்தவர்கள் பாரிஸில் இருந்தனர். இறந்தவர்கள் பனாமாவில் இருந்தனர். தொடர்வதா, நிறுத்துவதா என்று கூடிப் பேசியவர்கள் பங்குதாரரின் பணத்தை எண்ணினார்கள். தேசத்தின் மதிப்பை எண்ணினார்கள். ஜமெய்க்காவிலிருந்து வந்து காய்ச்சலில் மாண்ட தொழிலாளியின் உயிர் அக்கணக்கில் எப்பக்கத்திலும் எழுதப்படவில்லை. போட்டது வீணாகக்கூடாது என்று நாம் பிடிவாதம் செய்யும்போது, அதற்குரிய விலையைப் பல சமயங்களில் பிறரே கொடுக்கின்றனர்.

மாணவர்களுக்கும் இத்தகைய வேளைகள் வரும். இரண்டாண்டு படித்துவிட்டோம் என்பதற்காகவே பொருந்தாத துறையில் நீடிப்பதும், தொடங்கிவிட்டோம் என்பதற்காகவே நட்டமாகும் தொழிலை நடத்துவதும் நாம் அன்றாடம் காண்பவை. அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதுவரை ஒன்றுமே செலவிடாதவன் ஒருவன் இன்று புதிதாக வந்தால், இந்த வழியைத் தேர்ந்தெடுப்பானா? நாம் உழைக்க உழைக்க எஞ்சிய வேலை குறைகிறதா, வளர்கிறதா? என்ன நேர்ந்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே வகுத்திருக்கிறோமா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்து, தொடர்வதே தக்கது என்று தோன்றுமாயின், எவர் தடுத்தாலும் தொடர்க. சூயஸ் அவ்வாறு பிறந்ததே. இல்லையெனில் ஸ்டீவன்ஸைப் போல் சற்று நிறுத்தி, நிலத்தையும் நீரையும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு வழியைத் தொடங்குக. அதில் இகழ்ச்சி எதுவும் இல்லை.